ஜெருசலேமில் யோம் கிப்பூர் முதல் சுக்கோத் வரை

2022 அக்டோபர் 4, செவ்வாய்

பெட்டி வரவில்லை. காலை ஆறு மணிக்கு பென் குரியன் விமான நிலையத்தில் இறங்கினேன். பெல்ட் நின்று கூட்டமும் கலைந்துவிட்டது, என் பெட்டியை மட்டும் காணோம். கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "நீங்கள் விமானம் மாறிய ஊரிலேயே தங்கிவிட்டது. வியாழக்கிழமைதான் வரும்" என்றார். நாளைக்கு வராதா என்று கேட்டேன். "நாளைக்கு இங்கே எந்த விமானமும் வராது."

இன்று மதியத்துக்குப் பிறகு விமான நிலையத்தையே மூடிவிடுகிறார்கள். பஸ், ரயில், கடை, தொலைக்காட்சி, வானொலி எல்லாம் நாளை இரவு வரை நின்றுவிடும். யோம் கிப்பூர், அதாவது பாவநிவாரண நாள், யூதர்களின் ஆண்டில் மிகப் புனிதமான நாள். தெரிந்தேதான் இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஆனால் ஒரு நாடு முழுக்க இப்படி நின்றுபோகும் என்பது அந்தக் கவுன்ட்டர் முன்னால்தான் மனதில் உறைத்தது.

ரயிலில் ஜெருசலேம் அரை மணி நேரம்கூட இல்லை. ரயில் நிலையம் தரைக்கு 80 மீட்டர் கீழே இருக்கிறது. எஸ்கலேட்டர் மாறி மாறி மேலே வரவேண்டும். வெளியே நல்ல வெயில், ஆனால் வியர்வை இல்லாத மலைக்காற்று.

தங்கும் இடம் நக்லாவோத். கல் வீடுகளும், ஒருவர் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டிய சந்துகளும், தெருவுக்கு இரண்டு மூன்று சின்ன ஜெபாலயங்களுமாக உள்ள பழைய குடியிருப்பு. வீட்டுக்காரப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். அவர் முன்னோர்கள் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்தவர்கள். அவர் மனைவியின் பெற்றோர் கேரளத்தின் பறவூரிலிருந்து 1950களில் இங்கே குடியேறிய கொச்சி யூதர்கள். நான் தமிழ்நாடு என்றதும் அந்த அம்மா, "இரிக்கு மோனே" என்று நாற்காலியைக் காட்டினார். பெற்றோரிடம் கற்ற மலையாளம். நான் தமிழில் பேசினால் பாதி புரிந்துகொள்கிறார், மீதி ஆங்கிலம்.

பெட்டி வராத கதையைக் கேட்டதும் பெரியவர் உள்ளே போய் ஒரு வெள்ளைச் சட்டை எடுத்து வந்தார். இன்று மாலை எல்லாரும் வெள்ளைதான் உடுத்துவார்களாம். "உன் பெட்டியில் இருந்தாலும் இதைத்தான் தேடியிருப்பாய்" என்றார்.

கடைகள் மூடுவதற்குள் மகானே யெஹுதா சந்தைக்கு ஓடினேன். பத்து நிமிட நடைதான். ரொட்டி, ஹம்முஸ், தக்காளி, பேரீச்சை எல்லாம் சேர்ந்து 60 ஷேக்கல். ஒரு ஷேக்கல் நம் காசில் ஏறக்குறைய 23 ரூபாய், எனவே எதை வாங்கினாலும் மனது ஒரு முறை பெருக்கிப் பார்க்கிறது. சந்தைக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் கோழியைப் பிடித்து, ஒரு பையனின் தலைக்கு மேலே மூன்று முறை சுற்றினார்கள். நம் ஊரில் திருஷ்டி சுற்றிப் போடுவதுபோலவே இருந்தது. பிறகு அந்தக் கோழியை முறைப்படி அறுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். கப்பாரோத் என்ற இந்த வழக்கத்தை எல்லாரும் ஏற்பதில்லை. யூத மதகுருமாரான ரபிகள் பலர் இடைக்காலத்திலேயே எதிர்த்திருக்கிறார்கள். பலர் கோழிக்குப் பதில் பணத்தைத் துணியில் முடிந்து சுற்றி, அதைத் தர்மம் செய்கிறார்கள். பெரியவர் வீட்டில் பணம்தான்.

திரும்பி வந்தபோது அவர் தொலைபேசியில் இருந்தார். ஒன்று முடிந்தால் இன்னொன்று. தம்பி, பழைய பங்குதாரர், மேல்வீட்டுப் பெண்மணி என்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். புத்தாண்டான ரோஷ் ஹஷானா தொடங்கி யோம் கிப்பூர் வரை பத்து நாட்கள். புத்தாண்டில் ஒவ்வொருவரின் வரும் ஆண்டும் கடவுளின் ஏட்டில் எழுதப்படுகிறது, யோம் கிப்பூர் முடிவில் அதற்கு முத்திரை விழுகிறது என்பது நம்பிக்கை. மனம் திருந்துவதும், வேண்டுவதும், தர்மம் செய்வதும் அந்தத் தீர்ப்பின் கடுமையைக் குறைக்கும். ஆனால் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூல் அதைச் சொல்கிறது: மனிதன் கடவுளுக்குச் செய்த குற்றத்தை யோம் கிப்பூர் தீர்க்கும், மனிதன் மனிதனுக்குச் செய்த குற்றத்தை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும்வரை தீர்க்காது. எத்தனை மணி நேரம் வழிபட்டாலும் அதற்குக் கடவுளிடம் ரசீது கிடையாது. இதைக் கேட்டபோது நான் போன் செய்யவேண்டிய இரண்டு பேர் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

நான்கரை மணிக்கே சாப்பாடு. கோழி சூப், அரிசிச்சோறு, நிறையத் தண்ணீர். யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. ஆறு மணிக்குச் சற்று முன்னால் நோன்பு ஆரம்பம், அடுத்த 25 மணி நேரத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் கிடையாது. குளிப்பதில்லை, எண்ணெயோ வாசனையோ பூசுவதில்லை, தாம்பத்தியம் இல்லை, தோல் செருப்பு இல்லை. வெள்ளைச் சட்டையும் நல்ல கால்சட்டையும் போட்டுக்கொண்டு, காலில் மட்டும் ரப்பர் செருப்பும் கேன்வாஸ் ஷூவுமாகத் தெரு முழுக்க ஆட்கள் நடந்தார்கள்.

பெரியவருடன் அடேஸ் ஜெபாலயத்துக்குப் போனேன். அலெப்போ யூதர்கள் 1901இல் நிறுவியது. தலையில் வைக்கச் சின்னத் தொப்பி கொடுத்தார்கள். பெண்கள் மாடத்தில், ஆண்கள் கீழே. சிலை இல்லை, சாமி படம் இல்லை, தீபாராதனை இல்லை. முன்சுவரில் முத்துச்சிப்பி பதித்த மரப்பேழை. அதைத் திறந்து யூத வேதமான தோராவின் சுருள்களை வெளியே எடுத்தார்கள். 'கோல் நித்ரே' மூன்று முறை ஓதப்பட்டது, கடவுளிடம் யோசிக்காமல் செய்த நேர்த்திகளையும் சபதங்களையும் செல்லாததாக்கும் அறிக்கை அது. அடுத்த மனிதனுக்குக் கொடுத்த வாக்குக்கு அது பொருந்தாது என்று பெரியவர் என் காதில் சொன்னார். மறுபடியும் அதே கண்டிப்பு.

2022 அக்டோபர் 5, புதன்

காலையில் எழுப்பியது சத்தமின்மை. ஒரு மோட்டார் ஒலிகூட இல்லை. யாபா தெருவில் டிராம் தண்டவாளத்தின் மேல் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். பெரிய சாலைக்குப் போய்ப் பார்த்தேன், மூன்று வழித்தடமும் காலி. மதப்பற்று இல்லாத குடும்பங்களும் இன்று காரை எடுப்பதில்லை. வண்டி ஓட்டக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, யாரும் ஓட்டுவதில்லை, அவ்வளவுதான். எப்போதாவது ஒரு ஆம்புலன்ஸ் போகிறது.

நானும் சாப்பிடவில்லை. அறையில் தண்ணீர் மட்டும் குடித்தேன். பத்து மணிக்கு ஜெபாலயம். வழிபாடு ஏறக்குறைய நாள் முழுக்க நடக்கிறது. ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள், சுவரில் சாய்ந்து கண்ணை மூடுகிறார்கள், குழந்தைகள் தாத்தாவின் சால்வைக்குள் நுழைகிறார்கள். பாவ அறிக்கையை எல்லாரும் சேர்ந்து சொல்கிறார்கள். "நாங்கள் ஏமாற்றினோம், நாங்கள் புறம் பேசினோம்" என்று பன்மையில். நான் திருடவில்லையே என்று ஒருவர் விலகி நிற்க இடமில்லை.

நண்பகலுக்குப் பிறகு வந்த பகுதிதான் என்னை அசைத்தது. ஜெருசலேம் ஆலயம் இருந்த காலத்தில், ஆண்டில் இந்த ஒரு நாள் மட்டும் தலைமைக்குரு கருவறைக்குள் போவார். குளித்து, வெள்ளை உடுத்தி, பலியிட்டு, தூபம் காட்டி, மக்களுக்காக மன்னிப்புக் கேட்டு வெளியே வருவார். கி.பி. 70இல் ரோமானியர்கள் அந்த ஆலயத்தை இடித்துவிட்டார்கள். பலியும் நின்றது, குருவின் வேலையும் நின்றது. இன்று அந்தச் சடங்கை முதலிலிருந்து கடைசி வரை வார்த்தையால் சொல்கிறார்கள். குரு பலியின் இரத்தத்தை எத்தனை முறை தெளித்தார் என்று எண்ணுகிறார்கள். மக்கள் விழுந்து வணங்கிய இடம் வரும்போது சிலர் அந்தத் தரையிலேயே விழுந்தார்கள். கோயிலைச் சுற்றி ஊரே அமைந்த மண்ணிலிருந்து வந்த எனக்கு, கோயில் போய் 1,950 ஆண்டுகள் கழித்தும் பூசைமுறையை மனப்பாடமாக வைத்திருக்கும் மக்களைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது.

மாலையில் யோனாவின் கதை படித்தார்கள். கடவுளை விட்டு ஓடியவர், மீன் வயிற்றில் கிடந்தவர், கடைசியில் எதிரி நகரமான நினிவே திருந்தியதும் கடவுள் மன்னித்துவிட்டாரே என்று கோபப்பட்டவர். அப்புறம் கடைசி வழிபாடு. காலையில் தூங்கி வழிந்தவர்கள்கூட எழுந்து நின்று உரக்கப் பாடினார்கள். "கேள் இஸ்ரவேலே, நம் கடவுள் ஒருவரே" என்ற ஷெமாவை எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். யூத நம்பிக்கை என்று ஒரு வரியில் கேட்டால் இதுதான்: காலையும் இரவும் சொல்வது, சாகும்போது உதட்டில் இருக்கவேண்டியது. ஏழு மணி வாக்கில் ஆட்டுக்கடாவின் கொம்பான ஷோஃபார் நீளமாக ஊதப்பட்டது. முடிந்தது.

பெரியவர் வீட்டில் எலுமிச்சைச் சாறும் ரொட்டியும் தந்தார்கள். நான் வாய் துடைப்பதற்குள் சந்தில் சுத்தியல் சத்தம். இன்னும் நான்கு நாளில் வரும் கூடாரப் பண்டிகையான சுக்கோத்துக்கு முதல் ஆணியை இன்று இரவே அடிப்பது வழக்கமாம். நோன்பில் வாடிய ஆட்கள் ஏணி மேல் நிற்கிறார்கள்.

2022 அக்டோபர் 6, வியாழன்

பெரியவர் காலையில் அதிகம் பேசவில்லை. 1973இல் இதே தேதியில், யோம் கிப்பூர் நாளில், எகிப்தும் சிரியாவும் தாக்கியபோது அவர் இளம் சிப்பாய். மதியம் இரண்டு மணிக்குச் சைரன் ஒலித்ததையும், காலியான தெருக்களில் திடீரென்று ராணுவ வண்டிகள் ஓடியதையும், ஊமையாக இருந்த வானொலி பேசத் தொடங்கியதையும் சொன்னார். ஜெபாலயத்திலிருந்து தொழுகைச் சால்வையோடு நேரே போர்முனைக்குக் கிளம்பியவர்கள் உண்டாம்.

வீட்டுக்கார அம்மா அனுப்பியதால் இஸ்ரேல் அருங்காட்சியகம் போனேன். பழைய வேதச் சுவடிகளான சாக்கடல் சுருள்களைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம். நான் அதிக நேரம் நின்றது வேறிடத்தில். மட்டாஞ்சேரியில் 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கடவும்பாகம் ஜெபாலயத்தின் உட்புறத்தைக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். வண்ணம் தீட்டிய மரக் கூரையில் செதுக்கிய தாமரைகள். நம் பக்கத்துத் தச்சர் கை என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமைகளை எழுதிக்கொடுத்த செப்பேடுகள் வட்டெழுத்தில், அன்றைய மேலைக்கடற்கரைத் தமிழில் எழுதப்பட்டவை. பல்லக்கு, குடை, பகல் விளக்கு வரை அதில் உண்டு. பாதுகாப்பும் மரியாதையுமாக வாழ்ந்த அந்தச் சமூகம் 1950களில் பெரும்பாலும் கிளம்பி இங்கே வந்துவிட்டது.

மாலையில் 'நான்கு வகை'ச் சந்தை. கூடாரப் பண்டிகைக்குக் கையில் பிடிக்க எத்ரோக் என்ற நாரத்தை இனத்துப் பழம், விரியாத பேரீச்சங் குருத்து, மிர்ட்டில் கிளை, ஆற்று வில்லோ கிளை வேண்டும். கறுப்புத் தொப்பிக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பழத்தின் தோலைச் சோதிக்கிறார்கள். ஒரு புள்ளி இருந்தாலும் விலை இறங்குகிறது. 40 ஷேக்கலுக்கும் ஒரு பழம், 300க்கும் ஒரு பழம். ஒருவர் முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு வாங்காமல் போனார். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை.

இரவு பெட்டி வந்தது. கைப்பிடி உடைந்திருக்கிறது, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது.

2022 அக்டோபர் 7, வெள்ளி

காலை முழுக்கச் சந்தை. இங்கே வரிசை என்பது தோள்களின் கணக்கு. இடிக்கிறார்கள், சத்தம் போடுகிறார்கள், அடுத்த நிமிடம் "இந்த அல்வாவைச் சாப்பிட்டுப் பார்" என்று துண்டு நீட்டுகிறார்கள். மாதுளைச் சாறு 15 ஷேக்கல். மூன்று மணிக்குள் கடைகள் கதவை இறக்கின. சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது ஊர் முழுக்கச் சைரன். வாராந்திர ஓய்வுநாளான சபாத் ஆரம்பம்.

அம்மா சமையலறையைக் காட்டினார். பாலுக்கு ஒரு தொட்டி, இறைச்சிக்கு ஒரு தொட்டி. பாத்திரம், கரண்டி, துணி எல்லாமே இரண்டு. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்ற தோரா வசனத்திலிருந்து பாலும் இறைச்சியும் சேரக்கூடாது என்ற விதி வளர்ந்தது. குளம்பு பிளந்து அசைபோடும் விலங்குதான் உணவு. மீனுக்குத் துடுப்பும் செதிலும் வேண்டும், அதனால் இறாலும் நண்டும் இல்லை. "எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம் இல்லை, தேங்காய்ப்பால் இருந்ததே" என்றார் அம்மா. தேங்காய்ப்பால் பால் கணக்கில் வராது, கோழியோடு தாராளமாகச் சேர்க்கலாம். பின்கட்டில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை.

விளக்கு ஏற்றி, கைகளால் முகத்தை மூடி வேண்டிக்கொண்டார். அந்த நொடியிலிருந்து நாளை இருட்டும்வரை நெருப்பு மூட்டக்கூடாது, எழுதக்கூடாது, பணம் தொடக்கூடாது. தடுக்கப்பட்ட வேலை வகைகள் 39. சாப்பாடு மின்தட்டின் மேல் முன்னமே வைத்தாகிவிட்டது, விளக்குகளுக்கு டைமர். தாத்தா பேரக்குழந்தைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். திராட்சை ரசக் கோப்பையைத் தூக்கிப் பாடினார். எல்லாரும் கை கழுவி, ரொட்டி வாய்க்குப் போகும்வரை மௌனம். இரண்டு ஹல்லா ரொட்டி, வனாந்தரத்தில் வெள்ளியன்று மன்னா என்ற வானத்து உணவு இரட்டிப்பாக விழுந்ததன் நினைவு. பிட்டு உப்பில் தொட்டுக் கொடுத்தார். ஆலயத்தில் எல்லாப் பலியோடும் உப்பு வைப்பார்கள், இப்போது இந்த மேசைதான் பலிபீடம் என்றார். இந்த வாரம் நான் தேடியது கையில் கிடைத்த மாதிரி இருந்தது. இடிந்த கோயிலைத் துண்டு துண்டாக வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டிலும் கிழமையிலும் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள்.

புளிவிட்ட மீன் குழம்பும், தேங்காய்ப்பாலில் கோழியும், அலெப்போ கிப்பேயும் ஒரே மேசையில். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். தோராவில் கட்டளைகள் 613 என்பது மரபுக் கணக்கு. ஆலயமும் நிலமும் சார்ந்த பலவற்றை இன்று செய்ய முடியாது. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் நம்பிக்கைகளை 13ஆக வகுத்தார்: கடவுள் ஒருவர், உருவம் இல்லாதவர், மீட்பரான மெசியா வருவார், இறந்தோர் எழுவர் என்பவை அவற்றில் உண்டு. இயேசுவை மெசியாவாக யூதர்கள் ஏற்பதில்லை. மறுமை பற்றிக் கேட்டால் பெரியவர் தோளைக் குலுக்குகிறார்: "அது கடவுள் வேலை. இங்கே செய்யவேண்டியதே நிறைய." மதம் மாற்ற ஆள் தேடுவதும் இல்லை. "நீ யூதனாக வேண்டியதில்லை. நோவாவின் பிள்ளைகளான மற்ற மனிதர்களுக்கு ஏழு கட்டளைதான். கொலை, திருட்டு, விக்கிரக வழிபாடு, முறைகேடான உறவு, தெய்வநிந்தனை, உயிருள்ள விலங்கின் சதையைத் தின்பது இவை கூடாது, நீதிமன்றம் வேண்டும்." விக்கிரகம் என்றதும் நான் சிரித்தேன். கோயில் பற்றி நானும் கொஞ்சம் விளக்கினேன், அவர் கவனமாகக் கேட்டார், ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா இன்னொரு கரண்டி மீன் வைத்தார்.

2022 அக்டோபர் 8, சனி

ஜெபாலயத்தில் இந்த வாரத்துப் பகுதி மோசே சாவதற்குமுன் பாடிய பாடல். தோராவை வாரம் ஒரு பகுதியாக ஓராண்டில் முடித்து, உடனே மறுபடி தொடங்குகிறார்கள். சுருள் தோலில் கையால் எழுதியது, உயிர்க்குறிகள் இல்லாதது. படிப்பவர் உச்சரிப்பில் ஒரு இடம் பிசகினாலும் நாலு பக்கமிருந்தும் திருத்துகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன்கூடப் பெரியவரைத் திருத்தினான், யாருக்கும் வருத்தமில்லை.

இதே ஊரில் ஆணும் பெண்ணும் ஒன்றாக அமரும், பெண் ரபிகள் நடத்தும் சீர்திருத்தச் சபைகளும் உண்டு. நான் தங்கியது பழைய மரபுக்காரர்கள் நடுவில், என் குறிப்புகள் அந்தக் கோணத்தில்தான்.

மதியம் டமாஸ்கஸ் வாசலுக்கு நடந்தேன். அந்தப் பக்கம் பாலஸ்தீன ஜெருசலேம். பஸ் ஓடுகிறது, கடை திறந்திருக்கிறது. எள் தூவிய கஅக் ரொட்டி 5 ஷேக்கல். ஹம்முஸ் கடைக்காரர் 25 ஷேக்கலுக்கு இரண்டாவது தட்டும் நிரப்பிவிட்டு, பாலிவுட் பற்றி விசாரித்தார். அவர் பிள்ளை வேலைக்குப் போகச் சோதனைச் சாவடியில் தினம் நிற்கவேண்டியிருப்பதையும் சொன்னார். ஒரே ஊர், நடந்து போகிற தூரம், இரண்டு வேறு சனிக்கிழமைகள்.

மேற்குச் சுவர் ஏரோது மன்னன் ஆலய மேட்டைத் தாங்கக் கட்டிய மதில். மேட்டின் மேலே அல் அக்ஸா மசூதியும் பொன் குவிமாடமும். கல்லிடுக்கில் வேண்டுதல் சீட்டுகள் நிறைந்திருந்தாலும் இன்று யாரும் புதிதாக எழுதவில்லை, சபாத்தில் எழுதக்கூடாதே. ஒரு சுற்றுலாப் பயணி போனைத் தூக்கினார். காவலர் அருகில் வந்து, "சபாத், தயவுசெய்து" என்றார். சுவரில் நெற்றியை வைத்தேன். கல் வெயிலில் சூடாக இருந்தது.

இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் சபாத்தை வழியனுப்பும் சடங்கான ஹவ்தாலா. திராட்சை ரசம், கிராம்பும் பட்டையும் போட்ட சின்னப் பெட்டி, பல திரி பின்னிய மெழுகுவத்தி. பெட்டியை எல்லாரும் முகர்ந்தோம். சபாத் போகிற வருத்தத்துக்கு வாசனை மருந்து. வத்தியை ரசத்தில் அணைத்தார். தெருவில் பஸ் கிளம்பிவிட்டது.

2022 அக்டோபர் 9, ஞாயிறு

எல்லா மாடியிலும், வாகன நிறுத்தத்திலும்கூடக் கூடாரம். எகிப்திலிருந்து வெளியேறி 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் கூடாரத்தில் இருந்ததன் நினைவாக, ஏழு நாட்கள் இதில்தான் சாப்பாடு. பலர் தூங்குவதும் இதில்தான். கூரை வெட்டிய கிளைகளாலோ ஓலையாலோ இருக்கவேண்டும், வெயிலைவிட நிழல் அதிகம் விழவேண்டும். பெரியவருக்கு முழங்கால் வலி. நான் ஏணியில் ஏறி ஓலை பரப்பினேன். கீற்று வேய்ந்த கை இது, அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மாலை அங்கேயே விருந்து. விருந்தினர் இல்லாமல் கூடாரத்தில் சாப்பிடுவது குறை என்பதால் தெருவில் போகிறவர்களைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு மாணவர்களும், தனியாக வாழும் ஒரு ரஷ்யப் பாட்டியும் வந்தார்கள். ராத்திரி குளிர் 17 டிகிரி வரை இறங்கியது, போர்வை சுற்றிக்கொண்டு சாப்பிட்டோம்.

பண்டிகை தொடங்கிவிட்டதால் ரயில் இல்லை. அதிகாலை இரண்டு மணிக்கு அரபு ஓட்டுநரின் டாக்ஸி, 320 ஷேக்கல். வெள்ளைச் சட்டையை மடித்துக் கொடுத்தேன். அம்மா அதைத் திரும்ப என் பெட்டிமேல் வைத்துவிட்டார்.

இதே போலப் போக நினைப்பவர்களுக்கு: யோம் கிப்பூர் எந்த மாலை தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். அதற்கு முந்திய நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள், சாப்பாட்டை அன்றே வாங்கி வையுங்கள், மாற்றுத் துணியைக் கைப்பையில் கொண்டுபோங்கள்.